வென்ற மேயர், இடமில்லாத தலைவர்: போனி குரொம்பிக்கு நடந்தது என்ன?

2025 செப்டம்பர் 14 அன்று கனடாவின் ஒன்ராறியோ மாகாண லிபரல் கட்சியின் பேராளர்கள் ரொறன்ரோவில் கூடி, தலைவர் போனி குரொம்பி தொடரலாமா, புதுத் தலைமைக்குப் போட்டி வைக்கலாமா என்று வாக்களித்தார்கள். 57 சதவீதம் பேர் அவர் பக்கம் நின்றார்கள். கட்சி விதிப்படி பாதிக்கு மேல் கிடைத்தாலே போதும். தொடர்வேன் என்று முதலில் அறிவித்தவர், சில மணி நேரத்திலேயே விலகப்போவதாகச் சொன்னார்.

அதற்கு முன் பிப்ரவரி 27 அன்று நடந்த மாகாணத் தேர்தலில் இன்னொரு குழப்பம். ஏறத்தாழ 30 சதவீத வாக்குப் பெற்ற லிபரல் கட்சிக்குச் சட்டமன்றத்தில் மூன்றாம் இடம். 18.5 சதவீதம் பெற்ற புதிய ஜனநாயகக் கட்சிக்கு எதிர்க்கட்சி அந்தஸ்து. குரொம்பி நின்ற தொகுதியோ ரொறன்ரோவை ஒட்டிய மிசிசாகா நகரத்துக்குள் இருப்பது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் மேயராக ஆண்ட அதே ஊரில் அவர் தோற்றார்.

வாக்கு வாங்கினால் இடம் இல்லை, பெரும்பான்மை வாங்கினால் பதவி இல்லை, ஊரே தெரிந்த முகத்துக்கு அந்த ஊரில் வெற்றி இல்லை. இந்த மூன்றும் எப்படி நடந்தன என்று புரிய, கனடாவில் ஒரு நகர மேயரின் அதிகாரம் எவ்வளவு என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நகரம் யாருடையது?

கனடாவின் 1867 அரசியலமைப்புச் சட்டம் அதிகாரத்தை இரண்டு அடுக்குக்கு மட்டுமே பிரித்துக் கொடுக்கிறது. ஒன்று மத்திய அரசு, மற்றது மாகாண அரசு. நகராட்சிக்குத் தனிப் பங்கு எதுவும் அதில் இல்லை. 92-ஆம் பிரிவின் 8-ஆம் உட்பிரிவு, நகராட்சிகளை மாகாணத்தின் கையில் ஒப்படைத்துவிடுகிறது. இதன் விளைவுகள் மூன்று.

1. மாகாணம் நினைத்தால் நகரத்தை உருவாக்கலாம், இணைக்கலாம், கலைக்கலாம். 2018-ல் ரொறன்ரோ நகர சபைத் தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே, ஒன்ராறியோ முதல்வர் டக் ஃபோர்டின் அரசு சபையின் இடங்களை 47-லிருந்து 25 ஆகக் குறைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 அக்டோபரில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மாகாணத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது.

2. நகரம் வருமான வரி போட முடியாது. வீட்டு வரி, கட்டணங்கள், புதுக் கட்டடம் கட்டுவோரிடம் வாங்கும் மேம்பாட்டுக் கட்டணம், மேலிருந்து வரும் மானியம், இவைதான் முக்கிய வருமானம். அன்றாடச் செலவுக்குப் பற்றாக்குறை பட்ஜெட் போடவும் சட்டத்தில் இடமில்லை.

3. ஒன்ராறியோவில் நகராட்சித் தேர்தலின் வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. ஆள்தான் முக்கியம்.

மூன்றாவது விளைவுதான் பின்னால் அதிகம் வேலை செய்யப்போகிறது.

ஏழு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒரு நகரத்தின் மேயர், தன் ஊரின் பெரிய முடிவுகளுக்கு ரொறன்ரோவில் உள்ள குவீன்ஸ் பார்க்கை, அதாவது மாகாணச் சட்டமன்றத்தை, எதிர்பார்த்துத்தான் இருக்க வேண்டும். மேயர்கள் ஏன் மாகாண அரசியலுக்குப் போகிறார்கள் என்று கேட்டால் பதவி ஆசை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நகரத்துக்கு வேண்டிய அதிகாரம் அங்கேதான் இருக்கிறது என்பது அதைவிட வலுவான காரணம்.

குரொம்பி வந்த வழி

போனி குரொம்பி 1960-ல் பிறந்தவர், போலந்து வம்சாவளி. 2008-ல் மிசிசாகா-ஸ்ட்ரீட்ஸ்வில் தொகுதியிலிருந்து லிபரல் கட்சி சார்பில் மத்திய நாடாளுமன்றத்துக்குப் போனார். 2011-ல் மத்தியில் லிபரல் கட்சி படுதோல்வி அடைந்தபோது அவரும் தோற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் மிசிசாகா நகர சபைக்கு நடந்த இடைத்தேர்தலில் வென்று உள்ளூர் அரசியலுக்கு வந்தார்.

அப்போது மேயர் ஹேசல் மக்கலியன். 1978 முதல் 2014 வரை, 36 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தவர். அவர் ஓய்வுபெற்ற 2014 தேர்தலில், கடைசிக் கட்டத்தில் குரொம்பிக்கு ஆதரவு தெரிவித்தார். குரொம்பி 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி வென்றார். 2018-லும் 2022-லும் முக்கால் பங்குக்கு மேல் வாக்கு.

இந்த முக்கால் பங்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2022 நகரத் தேர்தலில் வாக்குச் சாவடிக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர்கூட இல்லை. எதிர்த்து நின்றவர்களில் பெரிய பெயரும் இல்லை. லிபரல்காரரும் பழமைவாதியும் எதிலும் சேராதவரும் ஒரே ஆளுக்குக் குத்தினார்கள், ஏனென்றால் சீட்டில் கட்சி இல்லை. அது உண்மையான செல்வாக்குதான். ஆனால் போட்டி கடுமையாகும்போது அது எவ்வளவு தாங்கும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

பீல் பிராந்தியம் என்ற பழைய சண்டை

குரொம்பியின் மேயர் காலத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும் என்றால், அது பீல்.

மிசிசாகா, பிராம்ப்டன், காலிடன் மூன்றும் சேர்ந்ததுதான் பீல் பிராந்தியம். 1974-ல் மாகாணம் உருவாக்கிய அமைப்பு. 2021 கணக்கெடுப்பில் மிசிசாகாவில் 7,17,961 பேர், பிராம்ப்டனில் 6,56,480 பேர், காலிடனில் 76,581 பேர். குரொம்பி மேயராக இருந்த காலத்தில் காவல், குடிநீர், கழிவுநீர், ஆம்புலன்ஸ், குப்பை, பொதுச் சுகாதாரம், பெரிய சாலைகள் எல்லாம் பிராந்தியத்தின் பொறுப்பாக இருந்தன. பேருந்து, தீயணைப்பு, நூலகம், பூங்கா ஆகியவை நகரத்தின் பொறுப்பு. மிசிசாகாவில் வீடு வைத்திருப்பவருக்கு வரும் வரிச் சீட்டைப் பார்த்தால் பணம் மூன்றாகப் பிரிந்திருக்கும்: நகரம், பிராந்தியம், மாகாணத்தின் பள்ளிக் கல்வி. இதில் பெரிய பங்கு போவது பிராந்தியத்துக்கு.

மிசிசாகாவின் வாதம் இது: மக்கள் தொகையில் நாங்கள் ஏறத்தாழப் பாதி, ஆனால் பிராந்தியச் செலவில் சுமார் 60 சதவீதம் எங்கள் தலையில் விழுகிறது. எங்களைத் தனியாக விடுங்கள். மக்கலியன் காலத்திலேயே எழுந்த கோரிக்கையைக் குரொம்பி தன் முதன்மைக் கொள்கையாக்கினார்.

பிராம்ப்டன் மேயர் பேட்ரிக் பிரவுனின் எதிர்வாதத்துக்குத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்தாலே போதும். பீல் பிராந்தியத்தின் குடிநீர் பெரும்பாலும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது. ஏரிக்கரை முழுக்க மிசிசாகாவுக்குள். அங்கே சுத்திகரித்து வடக்கே பிராம்ப்டனுக்கு மேலேற்றுகிறார்கள். பிராம்ப்டனின் கழிவுநீர் மறுபடி தெற்கே இறங்கி, மிசிசாகா கரையில் உள்ள ஜி.இ.பூத், கிளார்க்சன் நிலையங்களுக்கு வருகிறது. இவற்றைக் கட்டியது பல பத்தாண்டுகளாக மூன்று ஊர்க்காரர்களும் கொடுத்த பணம். பிரிந்து போவதென்றால் எங்கள் பங்கைத் தந்துவிட்டுப் போங்கள் என்றது பிராம்ப்டன். இரண்டு வாதத்திலும் நியாயம் உண்டு. அதனால்தான் இது ஐம்பது ஆண்டுகளாகத் தீரவில்லை.

இனி நடந்ததைத் தேதி வரிசையில் பார்ப்போம்.

1. 2023 மே 18: பீல் பிராந்தியத்தைக் கலைக்கும் மசோதாவை ஃபோர்ட் அரசு கொண்டுவந்தது. அந்த ஜனவரியில் 101 வயதில் காலமான ஹேசல் மக்கலியனின் பெயரையே சட்டத்துக்கு வைத்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் மூன்றும் தனி நகரங்கள் என்பது திட்டம்.

2. 2023 ஜூன்: மாகாண லிபரல் தலைமைக்குப் போட்டியிடுவதாகக் குரொம்பி அறிவித்தார்.

3. 2023 டிசம்பர் 2: தலைமைத் தேர்தலில் மூன்றாவது சுற்றில் 53 சதவீதத்துக்கு மேல் பெற்று, மத்திய நாடாளுமன்ற உறுப்பினர் நேட் எர்ஸ்கின்-ஸ்மித்தை வென்றார்.

4. 2023 டிசம்பர் 13: பீல் கலைப்பைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. செலவு கூடும், வரி ஏறும் என்பது அரசு சொன்ன காரணம்.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையே பதினொரு நாள். இது பழிவாங்கலா என்று பலர் கேட்டார்கள். அரசு மறுத்தது. நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவு ஒன்றுதான்: மேயராக அவர் பெற்ற ஒரே பெரிய அரசியல் வெற்றி, அவர் கட்சித் தலைவரான கையோடு இல்லாமல் போனது. மாகாணம் தந்ததை மாகாணம் எடுத்துக்கொண்டது. 92-ஆம் பிரிவு நடைமுறையில் இப்படித்தான் இருக்கும்.

பதிவேடு பாரமாகும் இடம்

மேயராக இருந்தவருக்கு ஒரு பதிவேடு இருக்கும். வீட்டு வரி ஏறிய ஆண்டுகள், வீடு கட்ட அனுமதி தாமதமான கதைகள் எல்லாம் அதில் அடங்கும். 2024 தொடக்கத்திலேயே ஃபோர்டின் முற்போக்குப் பழமைவாதக் கட்சி, குரொம்பி வரி ஏற்றுபவர் என்று விளம்பரம் போடத் தொடங்கிவிட்டது. ஃபோர்ட் அவரைக் 'கார்பன் வரி ராணி' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மாகாணக் கார்பன் வரி (எரிபொருளின் கரிமப் புகைக்காகப் போடும் வரி) கொண்டுவர மாட்டேன் என்று குரொம்பி அறிவிக்க வேண்டி வந்தது.

வீட்டு விஷயத்தில் இன்னும் நுணுக்கமான சிக்கல். 2023 ஜூலை முதல் மிசிசாகா மேயருக்கு 'வலுவான மேயர்' அதிகாரங்கள் கிடைத்தன. சபையின் சில முடிவுகளைத் தடுக்கலாம், பட்ஜெட்டைத் தானே தயாரிக்கலாம், மாகாணத்தின் முன்னுரிமை சார்ந்த விதிகளைச் சபையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆதரவோடு நிறைவேற்றலாம். ஒரே மனையில் நான்கு குடியிருப்புகள் கட்ட அனுமதிக்கும் விஷயத்தில் சபை தயங்கியபோது, குரொம்பி இந்த அதிகாரத்தைக் கையிலெடுத்தார். அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் அதற்குள் மேயராக ஏறத்தாழ ஒன்பது ஆண்டு ஓடியிருந்தது. அதுவரை ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்வது சிரமம்.

இடம் இல்லாத தலைவர்

அவர் ஏற்றுக்கொண்ட கட்சி எந்த நிலையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2003 முதல் 2018 வரை 15 ஆண்டு ஆண்ட ஒன்ராறியோ லிபரல் கட்சி, 2018-ல் 7 இடங்களுக்குச் சுருங்கியது. 2022-ல் 8. சட்டமன்றத்தில் அதிகாரபூர்வக் கட்சி என்ற அந்தஸ்துக்கு 12 உறுப்பினர்கள் வேண்டும். அந்தஸ்து இல்லையென்றால் கேள்வி நேரத்தில் வாய்ப்பு சொற்பம், ஆய்வாளர்களையும் ஊழியர்களையும் வைத்துக்கொள்ளக் கிடைக்கும் பணமும் சொற்பம்.

குரொம்பி தலைவரானபோது அவருக்குச் சட்டமன்றத்தில் இடம் இல்லை. 2024 ஜனவரியில் மேயர் பதவியை விட்டார். அதே ஆண்டு மே மாதம் மில்டன் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. அவர் நிற்கவில்லை. வேறு லிபரல் வேட்பாளர் நின்று தோற்றார். வென்ற ஸீ ஹமீத், மில்டன் நகர சபையில் உறுப்பினராக இருந்தவர்.

அவருடைய கணக்கு புரிகிறது. மாகாணம் முழுக்கச் சுற்றிக் கட்சியைக் கட்ட வேண்டும், இடைத்தேர்தலில் தோற்றால் எல்லாம் முடிந்துவிடும். ஆனாலும் அதை நான் பெரிய தவறு என்றே சொல்வேன். முதல்வரை நேருக்கு நேர் கேள்வி கேட்பவரைத்தான் மாலைச் செய்தியில் காட்டுவார்கள். அந்த இடம் புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர் மாரிட் ஸ்டைல்ஸிடம் இருந்தது. குரொம்பி சட்டமன்ற வராந்தாவில் நின்று ஊடகங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்பு தலைவராக இருந்த ஸ்டீவன் டெல் டூக்காவும் 2020 முதல் 2022 வரை இடமில்லாமலே இருந்து, தன் தொகுதியில் தோற்று விலகியவர். பாடம் கண் முன்னால் இருந்தது.

30 சதவீதமும் 14 இடங்களும்

2025 தேர்தலை ஃபோர்ட் ஓராண்டுக்கு மேல் முன்கூட்டியே வைத்தார். அமெரிக்க அதிபர் டிரம்ப் மிரட்டிய சுங்க வரியை எதிர்கொள்ளப் புதிய ஆணை வேண்டும் என்றார். பனிக் காலத் தேர்தல், வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு. முடிவு:

1. முற்போக்குப் பழமைவாதக் கட்சி: 43 சதவீதம், 80 இடங்கள்.
2. புதிய ஜனநாயகக் கட்சி: 18.5 சதவீதம், 27 இடங்கள்.
3. லிபரல் கட்சி: 30 சதவீதம், 14 இடங்கள்.
4. பசுமைக் கட்சி: 5 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, 2 இடங்கள். சுயேச்சை ஒருவர்.

கனடாவிலும் இந்தியாவைப் போலவே தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி. இரண்டாம் இடத்துக்குக் கிடைக்கும் வாக்குக்கு மதிப்பில்லை. வாக்கை இடத்தால் வகுத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். லிபரல் கட்சி வாங்கியது ஏறத்தாழ 15 லட்சம் வாக்கு. ஓர் இடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிறது. புதிய ஜனநாயகக் கட்சிக்கு ஓர் இடத்தின் விலை சுமார் 35 ஆயிரம். ஆளும் கட்சிக்குச் சுமார் 27 ஆயிரம்.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வாக்கு எங்கே கிடக்கிறது என்பது. புதிய ஜனநாயகக் கட்சியின் வாக்கு சில இடங்களில் குவிந்திருக்கிறது: ரொறன்ரோவின் நடுப்பகுதி, ஹாமில்டன், ஒன்ராறியோவிலேயே உள்ள லண்டன் நகரம், வடக்கு ஒன்ராறியோ. அங்கெல்லாம் பல ஆண்டுகளாக உறுப்பினர், அலுவலகம், கதவு தட்டும் தொண்டர்கள் உண்டு. லிபரல் வாக்கு ரொறன்ரோவைச் சுற்றிய புறநகர்களில் பரந்து கிடக்கிறது. தொகுதிக்குத் தொகுதி 35, 40 சதவீதம் வாங்கி இரண்டாம் இடம். குரொம்பியைத் தலைவராகத் தேர்ந்ததே புறநகரைப் பிடிப்பார் என்ற நம்பிக்கையில். வாக்கு கூடியது, இடம் விழவில்லை. மிசிசாகாவின் ஆறு தொகுதிகளும் ஆளும் கட்சிக்கே போயின.

மிசிசாகா கிழக்கு-குக்ஸ்வில் தொகுதியில் குரொம்பியைத் தோற்கடித்தவர் சில்வியா குவால்டியேரி. பிராம்ப்டன் மேயர் பேட்ரிக் பிரவுனின் மாமியார். வித்தியாசம் ஏறத்தாழ 1,200 வாக்குகள். நகரத் தேர்தலில் குரொம்பிக்குக் குத்திய பழமைவாதக் கை, கட்சிப் பெயர் உள்ள சீட்டில் தன் கட்சிக்குப் போய்விட்டது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

இதைச் சுத்தத் தோல்வி என்று சொல்வதும் சரியில்லை. 8 இடத்திலிருந்து 14, அதிகாரபூர்வக் கட்சி அந்தஸ்து மீண்டது, வாக்கு விகிதத்தில் தெளிவான இரண்டாம் இடம். டெல் டூக்கா விட்டுப்போன நிலையோடு ஒப்பிட்டால் முன்னேற்றம்தான்.

57 சதவீதம் ஏன் போதவில்லை?

விதி 50 என்கிறது. வழக்கம் அதை ஏற்பதில்லை. கனடாவில் தலைமை மீதான வாக்கெடுப்பு வரலாற்றைப் பாருங்கள்.

1. 1983: மத்திய முற்போக்குப் பழமைவாதக் கட்சித் தலைவர் ஜோ கிளார்க்குக்கு 66.9 சதவீதம். போதாது என்று தானே தலைமைப் போட்டிக்கு அழைத்துத் தோற்றார்.
2. 2006: அல்பர்ட்டா முதல்வர் ரால்ஃப் கிளைனுக்கு 55.4 சதவீதம். அந்த ஆண்டே விலகினார்.
3. 2022: அதே அல்பர்ட்டாவில் ஜேசன் கெனிக்கு 51.4 சதவீதம். அன்றிரவே விலகல் அறிவிப்பு.

பத்தில் நான்கு பேர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு, அடுத்த தேர்தலுக்குப் பணம் திரட்டவோ நல்ல வேட்பாளர்களை அழைக்கவோ முடியாது. இடமும் இல்லாத தலைவருக்கு அது இரட்டைச் சுமை. தொடர்வேன் என்று அவர் சொன்ன மணி நேரங்களில் கட்சிக்குள்ளிருந்து வந்த அழுத்தம் அதைத்தான் உணர்த்தியது.

வென்ற மேயர்கள் செய்தது என்ன?

மேயர்கள் மாகாணத்தில் வெல்வதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சிலர் முதல்வராகவே ஆனார்கள். அவர்களில் மூவரைப் பார்ப்போம்.

வான்கூவர் மேயர் மைக் ஹார்கோர்ட் 1986-ல் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்ற உறுப்பினரானார், 1987-ல் புதிய ஜனநாயகக் கட்சித் தலைவர், 1991-ல் முதல்வர். கால்கரி மேயர் ரால்ஃப் கிளைன் 1989-ல் சட்டமன்றத்துக்குப் போய் அமைச்சராக வேலை கற்றுக்கொண்டு, 1992-ல்தான் தலைவரும் முதல்வருமானார்.

மூன்றாமவர் கோர்டன் கேம்பல், குரொம்பியோடு ஒப்பிட மிகப் பொருத்தமானவர். 1993-ல் வான்கூவர் மேயர் பதவியிலிருந்து பிரிட்டிஷ் கொலம்பியா லிபரல் தலைவரானார், இடமில்லாமல்தான். ஆனால் 1994 பிப்ரவரியிலேயே இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்குள் போய்விட்டார். 1996 தேர்தலில் அவருக்கும் வாக்கு ஏமாற்றியது: ஆளும் புதிய ஜனநாயகக் கட்சியைவிட 2 சதவீதம் கூட வாங்கியும் 39-க்கு 33 என்று இடத்தில் தோற்றார். தன் தொகுதியில் வென்றிருந்ததால் எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலி கையில் இருந்தது. ஐந்து ஆண்டு அங்கே உட்கார்ந்து கேள்வி கேட்டார். 2001-ல் 79 இடங்களில் 77 அவர் கட்சிக்கு.

எதிர்த்திசையிலும் ஆள் போகிறார்கள். டெல் டூக்கா 2022 ஜூனில் மாகாணத்தில் தோற்று, அக்டோபரில் வான் (Vaughan) என்ற நகரத்தின் மேயரானார். பேட்ரிக் பிரவுன் மாகாண முற்போக்குப் பழமைவாதக் கட்சித் தலைமையை இழந்த 2018-லேயே பிராம்ப்டன் மேயரானார். நகர சபையிலிருந்து மாகாணத்துக்குச் சத்தமில்லாமல் ஏறியவர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு: மார்க்கம் நகர சபை உறுப்பினராக இருந்த லோகன் கணபதி, 2018-ல் மார்க்கம்-தோர்ன்ஹில் தொகுதியில் முற்போக்குப் பழமைவாதக் கட்சி சார்பில் வென்றார். அவர் தலைவராக அல்லாமல், ஒரு தொகுதியின் வேட்பாளராகப் போனார்.

இப்போது அல்பர்ட்டாவில் இதே பாதையில் இன்னொருவர் இருக்கிறார். 2010 முதல் 2021 வரை கால்கரி மேயராக இருந்த நஹீத் நென்ஷி, 2024 ஜூனில் 86 சதவீத வாக்கோடு மாகாணப் புதிய ஜனநாயகக் கட்சியின் தலைவரானார். ஓராண்டு அவரும் இடமில்லாமல் வெளியே நின்றார், அதற்காக விமர்சனமும் வாங்கினார். பின்பு 2025 ஜூனில், தன் சொந்த ஊரான கால்கரியை விட்டு, கட்சிக்கு உறுதியான எட்மன்டன்-ஸ்ட்ராத்கோனா தொகுதியில் இடைத்தேர்தலில் நின்று வென்றார். அப்படிக் கொடுப்பதற்கு ஓர் உறுதியான தொகுதி ஒன்ராறியோ லிபரல் கட்சியிடம் அதிகம் இருக்கவில்லை. புதிதாக வரும் தலைவருக்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: எந்தத் தொகுதியில், எப்போது?